பக்கத்து வீட்டுப் பகைவன்

தகடூர் என்று பழம்பெயர் கொண்ட தருமபுரிச் சீமையிலே, அரூர்ப் பக்கமாயினும் பென்னாகரப் பக்கமாயினும், இன்று தொலைக்காட்சிப் பெட்டி இல்லாத வீட்டைத் தேடித்தான் காணவேண்டும். 2006ஆம் ஆண்டில் தமிழக அரசு தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம், ஓலைக் குடிசைக்குள்ளும் அந்தப் பெட்டியைக் கொண்டுபோய் வைத்தது. முன்னாளில் தெருக்கூத்துக்கு முன்னே விடிய விடிய உட்கார்ந்திருந்த மக்கள், இந்நாளில் பெட்டிக்கு முன்னே உட்காருகின்றனர். உட்காரட்டும். அதனைக் குறை கூற நாம் வரவில்லை. அந்தப் பெட்டி அவர்கட்கு எவரைப் பகைவர் என்று காட்டுகிறது? நாம் கேட்க விரும்புவது இந்த ஒரு கேள்வியே.

மாலை தொடங்கி இரவு வரை அதில் நடமாடும் தொடர்களைப் பாருங்கள். பாலில் நஞ்சு கலக்க வரும் மருமகள், சொத்துக்காகச் சூழ்ச்சி செய்யும் சித்தி, சிரித்துப் பேசிக்கொண்டே குழி பறிக்கும் நாத்தனார் - வீடு முழுதும் பகைவர்! வாசலிலே குங்குமம் தடவிய எலுமிச்சம் பழம் கிடந்தால், "எவள் வைத்த சூனியமோ" என்று அலறும் மாமியார் வேறு. இவற்றின் பிழையை எடுத்துரைக்கப் பகுத்தறிவாளர் பலர் உளர். ஆகவே அவற்றை விடுத்து, "நாங்கள் அறிவியலின் பிள்ளைகள்" என்று மார்தட்டி வரும் நாடகங்களை எடுத்துக்கொள்வோம்.

அறிவியல் நாடகங்களிலே, மறைந்திருக்கும் பகைவனைப் பற்றிய வகை ஒன்று உண்டு. வேற்றுலகத்தான் ஒருவன் மனித உருவம் தாங்கி ஊருக்குள் வந்துவிடுகிறான். அல்லது இயந்திரம் ஒன்று மனித முகம் பூண்டு நம்மிடையே உலவுகிறது. பேச்சு நம் பேச்சு, உடை நம் உடை, உள்ளம் மட்டும் வேறு. எவனை நம்புவது என்ற திகைப்பே கதையின் சுவை. மேலைநாட்டுத் தொலைக்காட்சி எழுபது ஆண்டுகளாக இந்த விருந்தைப் பரிமாறி வருகிறது. அலைபேசியின் வழியே அது இன்று நம் ஊர் இளைஞர்க்கும் கிட்டுகிறது. விருந்திலே உணவும் உண்டு, நஞ்சும் உண்டு. இரண்டையும் பிரித்தறிவது எப்படி?

அமெரிக்காவில் 1967, 1968 ஆண்டுகளில் ஒளிபரப்பான 'தி இன்வேடர்ஸ்' என்ற தொடரை முதலில் பார்ப்போம். ஊடுருவி வந்தவர்கள் என்பது அப்பெயரின் பொருள். கட்டடக் கலைஞன் ஒருவன், நள்ளிரவில் வேற்றுலக ஊர்தி தரையிறங்குவதைத் தனியே கண்டுவிடுகிறான். வந்தவர்கள் மனித வடிவத்தில் எங்கும் பரவி இருக்கின்றனர். அவனை எவரும் நம்புவதில்லை. வந்தவரை அறிவதற்கு அடையாளம் என்ன? அவர்களில் பலருக்குச் சுண்டுவிரல் மடங்காமல் விறைத்து நிற்கும். செத்தாலோ உடல் செந்தழலாய் ஒளிர்ந்து மறைந்துபோகும். காட்டுவதற்குச் சான்று மிஞ்சாது.

விறுவிறுப்பான தொடர்தான், மறுக்கவில்லை. ஆனால் அது ஊட்டும் பாடத்தைக் கவனியுங்கள். விரலைப் பார், ஆளை அறி என்கிறது அது. நமக்கு இது புதிய பாடமா? நெற்றியைப் பார், தோளைப் பார், பிறந்த தெருவைப் பார், பிறகு அவனுக்குத் தண்ணீர் கொடுக்கலாமா என்று முடிவு செய் என்று நூற்றாண்டுக் கணக்கில் நமக்குக் கற்பித்தார்களே! பிறப்பினால் வந்த உடற்குறியைக் கொண்டு உள்ளத்தை அளந்துவிடலாம் என்பவன், விண்கலத்தில் ஏறி வந்தாலும் பழைய வருணத்தின் பிள்ளைதான். சான்று சாம்பலாகிவிடும், ஐயம் மட்டும் நிலைத்து நிற்கும். இப்படி ஓர் ஏற்பாட்டுக்கு அறிவியல் என்று பெயர் வைப்பது பொருந்துமா? பழைய பேய்க்குப் புதிய சட்டை தைத்துப் போட்டிருக்கிறார்கள் என்றே நாம் சொல்வோம்.

அதே அமெரிக்காவில், அதற்கு ஏழாண்டு முன்னரே, வேறொரு நாடகம் வந்தது. 'ட்வைலைட் சோன்' என்ற தொடரில், 1960 மார்ச் 4ஆம் நாள் ஒளிபரப்பான அரைமணி நேர நாடகம் அது. எழுதியவர் ராட் செர்லிங். மேப்பிள் தெரு என்ற அமைதியான தெரு. மாலை நேரம். வானத்திலே ஓர் ஒளிக்கீற்று பாய்கிறது. உடனே மின்சாரம் நின்றுவிடுகிறது, தொலைபேசி ஊமையாகிறது, கார்கள் அசைய மறுக்கின்றன. தெருவார் கூடுகின்றனர். கதைப் புத்தகம் படித்த சிறுவன் ஒருவன், வேற்றுலகத்தார் வருமுன் மனிதரைப் போன்ற ஒரு குடும்பத்தை அனுப்பி வைப்பார்கள் என்கிறான். பெரியவர்கள் சிரிக்கின்றனர். சிரித்தபடியே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தொடங்குகின்றனர்.

அதன்பின் ஒருவருடைய கார் தானாக உறுமுகிறது. போதாதா? இவன் இரவில் தூங்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பவன் என்று அண்டைவீட்டார் கண்டுபிடிக்கின்றனர். நேற்றுவரை தூக்கமின்மை என்ற நோயாக இருந்தது, இன்று குற்றமாகிவிட்டது! மற்றொருவன் வீட்டில் வானொலிக் கருவி வைத்திருக்கிறான். எவரோடு பேசுகிறான் என்ற கேள்வி எழுகிறது. இருட்டிலே ஓர் உருவம் நடந்து வருகிறது. துப்பாக்கி வெடிக்கிறது. விழுந்தவர் அடுத்த தெருவில் விளக்கு எரிகிறதா என்று பார்த்துவரப் போன அண்டைவீட்டுக்காரர். சுட்டவனுடைய வீட்டில் திடீரென்று விளக்கு எரிகிறது, கூட்டம் அவன்மீது பாய்கிறது. அவன் தப்பிப்பதற்காகச் சிறுவனைச் சுட்டிக் காட்டுகிறான். தெரு முழுதும் கல்லும் துப்பாக்கியும் கூக்குரலும்! அப்போது காட்சி மாறுகிறது. அருகிலுள்ள குன்றின்மேல் உண்மையான வேற்றுலகத்தார் இருவர் நின்று இதனைப் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். படை தேவையில்லை, விளக்கை அணைத்துவிட்டு ஒதுங்கி நின்றால் போதும், மீதியை மனிதர்களே செய்துகொள்வார்கள் என்பது அவர்கள் பேச்சின் சாரம்.

இந்த நாடகத்தின் வேர் வானத்தில் இல்லை, வாசிங்டனில் இருக்கிறது. 1950 பிப்ரவரியில் மெக்கார்த்தி என்ற செனட்டர், அரசுத் துறையில் ஒளிந்திருக்கும் பொதுவுடைமையர் பட்டியல் தம் கையில் இருப்பதாக மேடையிலே முழங்கினார். நான்காண்டுக் காலம் அந்த நாட்டிலே எழுத்தாளரும் ஆசிரியரும் நடிகரும் அலுவலரும் ஒருவரையொருவர் அஞ்சி வாழ்ந்தனர்; பலர் வேலை இழந்தனர். 1954 டிசம்பரில் செனட் அவையே அவரைக் கண்டித்துத் தீர்மானம் இயற்றியது. அந்தக் காய்ச்சலைக் கண்ட நாட்டில், அரசியலை நேரே பேசினால் விளம்பரம் தருவோர் அஞ்சுவர் என்பதனால், வேற்றுலகத்தாரைக் காட்டி மனிதரைப் பேசினார் செர்லிங்.

இப்போது ஒன்றை எண்ணிப் பாருங்கள். அந்த நாடகத்தின் கடைசி இரண்டு நிமிடத்தை மட்டும் வெட்டி எறிந்துவிட்டால் எஞ்சுவது என்ன? இருட்டு, சிறுவனின் எச்சரிக்கை, தானாக உறுமும் கார், "நம்முள் ஒருவன் பகைவன்" என்ற கூச்சல் ஆகியவைதாம். மருந்து எல்லாம் அந்த இரண்டு நிமிடத்தில்! அது போய்விட்டால், அச்சத்தைக் கண்டிக்க எழுந்த நாடகமே அச்சத்தை விதைக்கும் நாடகமாகிவிடும்.

வீண் கற்பனை என்று எண்ணவேண்டாம், நடந்தது. பாகிஸ்தானின் கராச்சி நகரில், குழந்தைகளைக் கவனமாகக் காக்கவேண்டும் என்று பெற்றோர்க்கு அறிவுறுத்த ஒரு சிறு நாடகப்படம் எடுத்தனர். இருவர் மோட்டார் சைக்கிளில் வந்து, தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிச் செல்வர். பிறகு திரும்பி வந்து குழந்தையை இறக்கி விட்டு, எச்சரிக்கை வாசகம் எழுதிய அட்டையை விரித்துக் காட்டுவர். அந்த முடிவை எவரோ வெட்டினர். முன்பகுதி மட்டும் உண்மைக் கடத்தல் என்ற பெயரில், வாட்சப் வழியாக 2018இல் இந்தியா எங்கும் ஓடிற்று. வடக்கிலிருந்து பிள்ளை பிடிப்பவர்கள் வந்துவிட்டார்கள் என்ற வதந்திகள் அதே காலத்தில் தமிழகத்திலும் பரவின. அந்த ஆண்டு மே மாதத்தில், தருமபுரிக்கு அண்டை மாவட்டமாகிய திருவண்ணாமலையில், போளூருக்கு அருகே, சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்கு வந்த குடும்பம் ஒன்று வழி கேட்க நின்றது. குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார் அக்குடும்பத்து மூதாட்டி. 65 வயது. ஊர் திரண்டது, அடித்தது, அந்த அம்மையார் மாண்டார்.

மிட்டாய் கொடுத்த கையைப் பிள்ளை பிடிக்கும் கையாகக் கண்டார்களே, அந்தக் கண்ணை அவர்களுக்குக் கொடுத்தது எது? குன்றின்மேல் எந்த வேற்றுலகத்தானும் நின்று விசையைத் திருகவில்லை. அன்று அணைந்தது மின்விளக்கன்று, அறிவு.

இது கூட்டத்தின் ஐயம். அதிகாரத்தின் ஐயம் என்று மற்றொன்று உண்டு. அதன் வடு தருமபுரி மாவட்டத்தின் மேனியிலேயே இருக்கிறது. சித்தேரி மலையடிவாரத்திலே, அரூர்ப் பகுதியில் உள்ள வாச்சாத்தி, மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் சிற்றூர். சந்தன மரக் கடத்தலுக்குத் துணை நிற்கின்றனர் என்ற ஐயத்தின் பேரில், 1992 ஜூன் 20ஆம் நாள் வனத்துறையினரும் காவல் துறையினரும் வருவாய்த் துறையினரும் அவ்வூருக்குள் நுழைந்தனர். கடத்தினவன் எவன், கடத்தாதவன் எவன் என்று பிரித்துப் பார்க்கவில்லை, ஊரே பகைவனாகிவிட்டது. வீடுகள் நொறுங்கின, மக்கள் சிறைக்குப் போயினர், 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். நீதி வந்து சேர 19 ஆண்டுகள் ஆயின. 2011 செப்டம்பர் 29ஆம் நாள் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் இறந்துவிட்டிருந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்றது தீர்ப்பு. 2023 செப்டம்பர் 29ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. ஒளிந்திருக்கும் குற்றவாளியைத் தேடி ஊருக்குள் போனவர்களே, நீதிமன்றத்தின் கண்ணிலே குற்றவாளிகளாய் நின்றனர்!

வீரப்பன் உலவிய காடுகளை ஒட்டிய ஊர்களின் நிலையையும் நினைவு கூருங்கள். காவலருக்குத் துப்புக் கொடுத்தான் என்று ஐயுற்று அவன் கொன்றான். அவனுக்கு அரிசி கொடுத்தான் என்று ஐயுற்று அதிரடிப் படையினர் பிடித்துச் சென்று வதைத்தனர் என்ற முறையீடுகள் குவிந்தன. அவற்றை ஆராய 1999இல் தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா தலைமையில் குழு அமைக்க நேர்ந்தது. 2004 அக்டோபர் 18ஆம் நாள், பாப்பாரப்பட்டிக்கு அருகில், நோயாளியை ஏற்றும் வண்டி என்று நம்பி அவன் ஏறி வந்த வண்டி, காவல் துறையினர் வேடமிட்டு ஓட்டிய வண்டியாக இருந்தது. எந்த அறிவியல் நாடகத்துக்கும் இளைக்காத வேடம்! ஒளிந்திருந்தவன் கதை அன்றோடு முடிந்தது. இரு பக்கத்து ஐயத்துக்கும் நடுவே நசுங்கிய எளிய மக்களின் கதை அவ்வளவு எளிதில் முடியவில்லை.

எனவேதான் சொல்கிறோம், பக்கத்து வீட்டுப் பகைவனைப் பற்றிய நாடகம் தருமபுரி மக்களுக்கு வெறும் பொழுதுபோக்கு ஆகாது. எவன் மீது ஐயம் விழுந்தால் என்ன நேரும் என்பதை உடலால் அறிந்தவர்கள் அவர்கள். அத்தகைய நாடகத்தை எடைபோட அவர்களை விடத் தகுந்த திறனாய்வாளர் எவர்?

தமிழில் அத்தகைய நாடகம் வந்ததில்லையா? வந்தது. தருமபுரி இளைஞர் பிழைப்புத் தேடிச் செல்லும் பெங்களூரிலே, பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்து, வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்திலும் பங்கு கொண்ட சுஜாதா, 1980களில் ஆனந்த விகடனில் எழுதிய 'என் இனிய இயந்திரா' பின்னர்த் தூர்தர்சனில் தொடராகவும் வந்தது. கதை நிகழும் ஆண்டு 2021. நாட்டை ஜீவா என்ற சர்வாதிகாரி ஆளுகிறான். மக்களின் பெயர்கூட இரண்டு எழுத்துக்கு மேல் போகக்கூடாது. பிள்ளை பெறவும் அரசின் இசைவு வேண்டும். நிலா என்ற இளம்பெண்ணின் கணவன் திடீரென்று காணாமற் போகிறான். அவள் வீட்டுக்குக் குடிவந்த ரவி, அவனுடைய இயந்திர நாய் ஜீனோ, அவன் தோழன் மனோ ஆகியோர் வழியே, அவள் ஆட்சியை எதிர்க்கும் சதிக்குள் இழுக்கப்படுகிறாள்.

இறுதியில் தெரிவது என்ன? ஜீவா என்றொரு மனிதனே இல்லை! ஒளியினால் சமைத்த பொய்யுருவம் அது. நாடே அஞ்சி நடுங்கியது ஒரு நிழலுக்கு. அவ்வளவோடு நிற்கவில்லை ஆசிரியர். தொடர்ச்சியாகிய 'மீண்டும் ஜீனோ'விலே, விடுதலை வாங்கித் தருவதாக வந்தவர்களே நிலாவைப் பெயருக்கு அரசியாக்கி வைத்துவிட்டு, ஆட்சியைத் தம் கைப்பிடியில் கொள்கின்றனர். மனிதர் இப்படி இருக்க, நிலாவுக்கு உண்மையாக இருப்பது எது? எல்லாரும் வெறும் கருவி என்று ஒதுக்கிய இயந்திர நாய்!

சுஜாதாவின் எழுத்து முழுவதையும் நாம் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. பெண்ணை வருணிக்கும் அவர் விளையாட்டுப் பேனா பல இடங்களில் நமக்கு உவப்பானதன்று. ஆயினும் இந்தக் கதையில் அவர் ஐயத்தைத் திருப்பிவிட்ட திசை சரியானது. அண்டைவீட்டானின் விரலைப் பார் என்று அவர் சொல்லவில்லை. அரியணையில் இருப்பது ஆளா, ஒளியா என்று பார் என்றார். மீட்க வந்தவன் சொல்லையும் சோதித்துப் பார் என்றார். 2021 வந்து போய்விட்டது, ஜீவா வரவில்லை. ஆனால் இல்லாத மனிதனை இருப்பதாகவும், சொல்லாத சொல்லைச் சொன்னதாகவும் காட்டும் போலிப் படங்கள், கணிப்பொறியின் துணையால் இன்று நம் கைப்பேசிக்கே வந்துவிட்டன. அந்நாளில் அக்கதையை விளையாட்டாகப் பார்த்தவர்கள், இந்நாளில் மீண்டும் படித்தால் சற்று நிமிர்ந்து உட்காருவார்கள்.

"அப்படியானால் எவரையும் ஐயுறவே கூடாதா? ஒற்றரும் வஞ்சகரும் உலகில் இல்லையா?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. உளர். வள்ளுவர் உட்பகைக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். தொழுத கைக்குள்ளும் படை ஒளிந்திருக்கும் என்று எச்சரித்தவர் அவர். ஆனால் அதே வள்ளுவர், ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஒத்துப் பார் என்றும் சொன்னார். ஆராயாமல் நம்புவதும் துன்பம், ஆராய்ந்து நம்பியபின் ஐயுறுவதும் துன்பம் என்றார். ஐயத்துக்கும் ஒரு முறை உண்டு என்பதுதான் அவர் கண்ட தெளிவு. ஆராய்ச்சிக்கு முன்வாசலாக இருக்கும் ஐயம் அறிவு. தீர்ப்பாகவே வந்து நிற்கும் ஐயம் கொலை.

பகைவன் உண்மையாகவே இருக்கும் கதையிலும் இந்த முறையைக் காக்க முடியும். 2004 முதல் 2009 வரை தொடராக ஒளிபரப்பான 'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா' அதற்குச் சான்று. சைலான் என்ற இயந்திர இனம் மனித குலத்தை ஏறக்குறைய அழித்தேவிடுகிறது. தப்பிய கப்பல்களிலும் மனித உருவில் ஒளிந்திருக்கிறது. இங்கே அச்சத்துக்குக் காரணம் உண்டு. ஆனாலும் அந்தத் தொடர் இரண்டு கேள்விகளை விடாமல் கேட்கிறது. இவர்களைப் படைத்தது எவர்? தமக்கு ஏவல் செய்ய மனிதரே படைத்தனர். ஏவல் செய்தவர்கள் ஒருநாள் எதிர்த்து எழுந்தனர். அடுத்த கேள்வி: பகைவனைத் தேடும் நீ எவன்? சைலான்களை முழுமூச்சாக வெறுத்த படைத் தளபதி ஒருவர், தாமே அந்த இனத்தவர் என்று ஒருநாள் அறிந்து திகைக்கிறார். பிறப்பைக் கண்டு பகைத்தவனுக்கு அவன் பிறப்பே விடையாகிறது! அடிமை எழுந்தால் அவனைப் பேய் என்று சொல்லும் உலகத்துக்கு இதைவிடக் கூர்மையான பாடம் வேண்டுமா?

இந்த உண்மையைத் தமிழன் கடல் கடந்து போய்க் கற்கவேண்டியதும் இல்லை. சிலப்பதிகாரம் சொல்வது என்ன? அரசியின் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன். கோவலனைக் கள்வன் என்று சுட்டிக் காட்டியவனும் அவனே. குற்றம் சாட்டும் விரலுக்குப் பின்னாலேயே குற்றவாளி ஒளிந்திருந்தான். மன்னன் அந்த விரலைப் பின்பற்றிப் பார்த்தான். விரலுக்கு உரியவனைப் பார்க்கவில்லை. கண்ணகி வந்து சிலம்பை உடைத்தாள். அரசியின் சிலம்பில் முத்து, அவள் சிலம்பில் மாணிக்கம். கண்முன் உடைத்துக் காட்டிய சோதனை! அந்தச் சோதனை முதல்நாளே நடந்திருந்தால் கோவலன் வாழ்ந்திருப்பான், மதுரையும் எரிந்திராது.

தருமபுரியிலே எழுதத் துடிக்கும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வோம். வேற்றுலகத்தார் கதையை எழுதுங்கள், தயங்கவேண்டாம். சித்தேரி மலையடிவாரத்தையே களமாகக் கொள்ளுங்கள். ஓர் இரவு, "உங்களில் ஒருவன் மனிதன் அல்லன்" என்ற செய்தி ஊருக்குள் வரட்டும். மறைந்திருப்பவனைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றை ஏந்தி ஒருவன் வரட்டும். ஊரார் வரிசையில் நிற்கட்டும். அப்போது கிழவி ஒருத்தி எழுந்து, "தம்பி, அந்தக் கருவியை முதலில் உன்மேல் வைத்துக் காட்டு" என்று சொல்லட்டும். அங்கே பிறக்கும் ஐயம் அறிவின் ஐயம்.

பார்ப்பவர்கட்கும் ஒரு சொல். நாடகம் முடியும்வரை எழுந்து போகாதீர்கள், முடிவை வெட்டி எவருக்கும் அனுப்பாதீர்கள். முடிந்ததும் உங்கள் விரல் எவரை நோக்கி நீள்கிறது என்று பாருங்கள். அது பக்கத்து வீட்டை நோக்கி நீண்டால், அந்த நாடகத்தை எடுத்தவர்களிடம் கணக்குக் கேளுங்கள்.